கிளட்ச் கால்

முதலில் நாங்கள் டிராக்டரின் கிளட்ச் பிளேட்டைத்தான் மாற்றினோம்.

என் மனைவி அமலோற்பவம் டிராக்டர் ஓட்டுகிறவள். நீடாமங்கலத்துக்குத் தெற்கே எங்கள் பக்கத்தில் போய் சகாயராஜ் என்று கேட்டால், எந்த சகாயராஜ் என்பார்கள். அமலோற்பவம் வீட்டுக்காரர் என்றால் நாற்காலி எடுத்துப் போடுவார்கள். அவள் அப்பா காலமெல்லாம் அடுத்தவர் நிலத்தில் ஏர் பிடித்தவர். இவள் சொந்த டிராக்டரில் ஏறி உட்கார்ந்து, 'எப்ப வரட்டும்?' என்று நிலக்காரர்களிடம் தேதி கொடுக்கிறவள். எனக்கு நீடாமங்கலம் கடைத்தெருவில் மோட்டார் காயில் கட்டும் கடை. எரிந்துபோன பம்புசெட் மோட்டார்கள் வரும், பிரித்துக் கட்டிக் கொடுப்பேன். டிராக்டர் ஓட்ட எனக்குத் தெரியாது. சைக்கிளே எனக்குக் கொஞ்சம் தகராறுதான்.

மாசி மாதம், தாளடி அறுப்பு முடிந்து வைக்கோல் கட்டிக்கொண்டிருந்த நேரம். "என்னங்க, கிளட்ச் வழுக்குது" என்றாள். கியர் மாற்றும்போதெல்லாம் வண்டி குதித்தது. மெக்கானிக்கை வரவழைத்து, வண்டியை இரண்டாகப் பிளந்து புது பிளேட் போட்டோம். அதற்குப் பிறகும் குதித்தது. மெக்கானிக்கைக் கண்டபடி ஏசினேன். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் நிற்கும், அது ஊரறிந்த விஷயம். அவனும் பாவம் இன்னொரு தரம் பிரித்துப் பார்த்துவிட்டு, "அண்ணே, வண்டியில ஒண்ணுமே இல்லண்ணே" என்றான்.

அவன் சொன்னது சரிதான். ஒரு நாள் சாயங்காலம் வயலிலிருந்து நடந்து வந்தவளின் இடது காலில் செருப்பு இல்லை. "செருப்பு எங்க?" என்று கேட்டேன். குனிந்து பார்த்தாள். அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது. வழியில் எங்கோ கழன்று விழுந்திருக்கிறது, கால் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

தஞ்சாவூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். தலையை ஸ்கேன் எடுத்தார்கள். உள்ளே எலுமிச்சங்காய் அளவில் ஒரு கட்டி இருந்தது.

ஆபரேஷன் செய்யும் டாக்டர் பெயர் சலாஹுதீன். அதிராம்பட்டினத்துக்காரர். ரம்ஜான் மாதம் என்பதால் நோன்பில் இருந்தார். உதடு காய்ந்திருந்தது, ஆனால் பேச்சில் அவசரமே இல்லை. என் மாதிரி ஆளுக்கு எதிரில் அப்படி நிதானமாகப் பேசுகிறவர்களைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். அன்றைக்கு என்னவோ வரவில்லை.

"தலையில வகிடு எடுக்குறீங்கல்லம்மா, அந்த வகிட்டுக்கு நேர் கீழ, எலும்புக்கு அடியில ஒரு பெரிய ரத்தக்குழாய் ஓடுது" என்றார். "மூளையில வேலை முடிஞ்ச ரத்தமெல்லாம் அதுல வந்துதான் வடியும். நம்ம ஊரு வடிகால் மாதிரின்னு வச்சுக்குங்க. உங்க கட்டி அந்தக் குழாய் மேல சாஞ்சுக்கிட்டு இருக்கு. இடது காலை ஆட்டி வைக்கிற இடமும் அங்கதான் இருக்கு. கட்டிய பாத்தா கெட்ட சாதியா தெரியல. எடுத்துட்டா நல்லாயிடும்."

"டிராக்டர் ஓட்டலாமா?" என்று கேட்டாள் அமலோற்பவம். அவள் கேட்டது அந்த ஒன்றைத்தான். உயிருக்கு ஆபத்தா, எத்தனை நாள் படுக்க வேண்டும், தலைமுடி போய்விடுமா, எதையும் கேட்கவில்லை.

"அதுக்குத்தாம்மா ஆபரேஷனே. ஆனா அதுக்கு முன்னாடி அந்தக் குழாய் தொறந்திருக்கா, மூடியிருக்கான்னு எனக்குத் தெரியணும். கட்டி அழுத்தி அழுத்தி ஏற்கெனவே அடைச்சிருச்சுன்னா, அந்தத் துண்டையும் சேத்து வெட்டி எடுத்துடலாம். கட்டி வேரோட போயிடும். ஆனா ரத்தம் ஓடிக்கிட்டு இருக்குற குழாய வெட்டுனா, வடிய வழியில்லாம மூளை வீங்கிடும். காலு போயிடும். அதோட நிக்கும்னும் சொல்ல முடியாது."

ரத்தக்குழாய்க்கென்று தனியாக ஒரு ஸ்கேன் இருக்கிறதாம். கையில் ஊசி வழியாக ஒரு மருந்தை ஏற்றி எடுத்தால் குழாயெல்லாம் பளிச்சென்று தெரியுமாம். ஆனால் ரத்தப் பரிசோதனையில் அமலோற்பவத்தின் கிட்னி கணக்கு கூடுதலாக வந்துவிட்டது. அந்த நிலையில் மருந்து ஏற்றக் கூடாது என்று, மருந்தில்லாமல், ஓடுகிற ரத்தத்தை மட்டும் காட்டும் முறையில் எடுத்தார்கள். படத்தில் வகிட்டுக் குழாய் முன்னால் தெரிந்தது, பின்னால் தெரிந்தது, கட்டி இருக்கும் இடத்தில் இருட்டாக இருந்தது.

"மூடுன மாதிரிதான் இருக்கு" என்றார் சலாஹுதீன். "இருந்தாலும் ஸ்கேன் டாக்டர் எழில்மொழி பாத்து சொல்லட்டும். அவங்க சொல்லாம நான் கத்திய எடுக்குறதில்ல." சொல்லிவிட்டு வியாழக்கிழமைக்கு ஆபரேஷன் என்று குறித்தார்.

மூடிவிட்டது என்றால் நல்ல செய்தி. வேரோடு போய்விடும். நான் ஊருக்கெல்லாம் போன் போட்டுச் சொல்லிவிட்டேன். புதன்கிழமை காலையில் இட்லி வாங்கி வந்தேன். வாய் கசக்கிறது என்று தன் பங்கையும் என் பக்கம் தள்ளினாள். முந்தின நாளும் அப்படித்தான். நானும் மறுப்பு சொல்லாமல் இரண்டு பேர் இட்லியையும் தின்று தீர்த்தேன்.

அப்போது நர்ஸ் வந்து, "நாளைக்கு ஆபரேஷன் இல்ல. ஸ்கேன் டாக்டர் நிறுத்தி வைக்கச் சொல்லிட்டாங்க" என்றாள்.

எனக்கு வந்ததே கோபம். தலையைத் திறந்து வேலை பார்க்கப் போகிற பெரிய டாக்டரே மூடிவிட்டது என்று சொன்ன பிறகு, கீழே இருட்டறையில் படம் பார்க்கிறவர் யார் நிறுத்துவதற்கு? அமலோற்பவம் என் கையைப் பிடித்து, "பதறாத காரியம் சிதறாதுங்க" என்றாள். கையை உதறிவிட்டு மாடிப்படி இறங்கினேன்.

அறை உண்மையிலேயே இருட்டாகத்தான் இருந்தது. இரண்டு பெரிய கம்ப்யூட்டர் திரைகளுக்கு முன்னால் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கலாம். பக்கத்தில் டிபன் பாக்ஸ் திறந்தபடி இருந்தது, அதில் தயிர்சோறு காய்ந்து ஏடு கட்டியிருந்தது. நான் அமலோற்பவத்தின் பெயரைச் சொல்லி, "மேடம், நீங்க படம் பாக்குற டாக்டரா, இல்ல எங்களுக்குப் படம் காட்டுற டாக்டரா?" என்று ஆரம்பித்தேன். கேட்ட பிறகு எனக்கே அது அதிகமாகத்தான் பட்டது.

அவர் திரும்பிப் பார்த்தார். முகத்தில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை.

"உக்காருங்கண்ணே. கோவத்த அப்பறமா வச்சுக்கலாம், அது எங்கயும் போயிடாது. என்ன வேலை பாக்குறீங்க?"

"மோட்டார் காயில் கட்டுறேன்."

"ரொம்ப நல்லதாப் போச்சு" என்று நாற்காலியை எனக்கு இழுத்துப் போட்டார். "ஒரு மோட்டார் வருது. டெஸ்ட் லேம்ப் வச்சுப் பாக்குறீங்க. லேம்ப் எரியல. உடனே ஒயர் அறுந்துருச்சுன்னு சொல்லிடுவீங்களா?"

"அதெப்படி? மொதல்ல கடையில கரண்ட் இருக்கான்னு பாப்பேன்."

"ஏன்?"

"கரண்டே இல்லன்னா, நல்ல ஒயரா இருந்தாலும் லேம்ப் எரியா..." என்றவன் அப்படியே நின்றேன்.

"அவ்வளவுதாண்ணே. இந்தப் படமும் டெஸ்ட் லேம்ப் மாதிரிதான். இது குழாயக் காட்டல, அதுல போற ஓட்டத்தக் காட்டுது. ஓட்டம் ரொம்ப மெதுவா இருந்துச்சுன்னா, தொறந்திருக்குற குழாயும் இருட்டாத்தான் தெரியும்."

திரையைச் சுழற்றினார். என் மனைவியின் தலை அங்கே கண்ணாடிக் குடம் மாதிரி சுழன்றது. மண்டை ஓடு இல்லை, முடி இல்லை, வெறும் ரத்தக்குழாய்கள் மட்டும் கறுப்பில் வெள்ளையாக. இருபது வருஷமாகப் பார்க்கிற தலை. அதற்குள் இப்படி ஒரு பின்னல் இருக்கிறது என்று நான் என்ன கண்டேன்! ஒரு மோட்டாரில் என்ன கோளாறு என்று பார்க்க நான் நாலு போல்ட்டைக் கழற்ற வேண்டும். இந்தப் பெண் ஒரு முடியைக்கூடத் தொடாமல் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டு பேசிக்கொண்டிருந்தார். என் கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

"இங்க பாருங்க. எங்கம்மா நடவுக்குப் போனவங்க, நானும் லீவு நாள்ல வயல்ல நின்னவதான். வடிகால் அடைச்சுப் போச்சுன்னா தண்ணி என்ன பண்ணும்?"

"சும்மா நிக்குமா? பக்கத்துல எங்கயாவது பொத்துக்கிட்டுப் போகும்."

"கட்டி ஒரே நாள்ல வந்ததில்ல, வருஷக்கணக்கா வளந்திருக்கு. அது குழாய அடைச்சிருந்தா, ரத்தம் வேற வழி தேடி, பக்கத்துல உள்ள சின்னக் குழாயெல்லாம் பெருத்திருக்கணும். எங்கயாவது பெருத்திருக்கா பாருங்க. இல்ல. அப்ப இந்தக் குழாய் இன்னும் வேலை செய்யுதுன்னு எனக்கு சந்தேகம். அடுத்து, கட்டியே இல்லாத இந்தப் பக்கத்தையும் பாருங்க, கழுத்து வரைக்கும் பாருங்க. எல்லாக் குழாயும் ஒல்லியா இருக்கு. கிட்னி கணக்கும் ஏறியிருக்கு. சர்க்கரை கிடையாது, பிரஷர் கிடையாது, பின்ன ஏன் ஏறணும்?" திரையிலிருந்து என் பக்கம் திரும்பினார். "அக்கா ஒடம்புல தண்ணி இல்லண்ணே."

"தண்ணி இல்லாம எப்படி மேடம்? ஆஸ்பத்திரியிலதானே இருக்கா?"

"அதத்தான் போய் கேக்கணும். எனக்கு இது சந்தேகம்தான், நிச்சயம் இல்ல. நிச்சயமில்லாம ஒருத்தங்க கால வச்சு விளையாட முடியாது." எழுந்தார். டிபன் பாக்ஸை மூடிவைக்கக்கூட இல்லை.

ஸ்கேன் பார்க்கிற டாக்டர்கள் படத்தைப் பார்ப்பார்கள், ஆளைப் பார்க்க வர மாட்டார்கள் என்றுதான் நான் கேள்விப்பட்டிருந்தேன். இவர் எனக்கு முன்னால் படியேறிப் போனார்.

அமலோற்பவம் கட்டிலில் செபமாலையோடு உட்கார்ந்திருந்தாள். எழில்மொழி நாடியைப் பிடித்துப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார். பிறகு தலைமாட்டு ஸ்டூலில் இருந்த தண்ணீர் பாட்டிலைக் கையில் எடுத்தார். இரண்டு நாளைக்கு முன்னால் நான் வாங்கி வைத்த பாட்டில். மூடியின் சீல்கூட உடையவில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்து இரண்டு பேர் இட்லியை விழுங்கினவன் கண்ணில் அது படவில்லை.

"அக்கா, தண்ணி குடிக்கிறதில்லையா?"

"குடிக்கிறேனே."

"எப்ப?"

அமலோற்பவம் என்னைப் பார்த்தாள், பிறகு செபமாலையைப் பார்த்தாள். "பொழுது சாஞ்சப்பறம், ஒரு கை சோத்தோட ஒரு டம்ளர்" என்றாள்.

தவக்காலத்தில் எங்கள் வீடுகளில் ஒருசந்தி இருப்பது வழக்கம். ஒரு வேளைதான் சாப்பாடு. கவிச்சி கிடையாது. நானும் மீன், கறி சாப்பிடுவதில்லை, அத்தோடு என் பக்தி முடிந்தது. ஆனால் இவள் செய்திருந்தது வேறு. தலையில் கட்டி என்று தெரிந்த அன்றைக்கே வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ந்துகொண்டிருக்கிறாள். கால் திரும்புகிற வரைக்கும் பகலில் பச்சைத் தண்ணீர் பல்லில் படாது என்று. காலை மாத்திரையைக்கூட வெறும் வாயில் விழுங்கியிருக்கிறாள். வெளியே பங்குனி வெயில் மண்டையைப் பிளக்கிறது. ஊரில் இருந்தவரை நான் பகலெல்லாம் கடையிலேயே கிடந்தவன், இங்கே வந்த பிறகு மருந்துக்கு ஓடினவன், எனக்கு எப்படித் தெரியும்?

"ஒனக்குப் பைத்தியமா புடிச்சிருக்கு?" என்று கத்தினேன். பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாம் திரும்பினார்கள். எழில்மொழி கையைக் காட்டி என்னை நிறுத்தினார்.

அந்த நேரம் பார்த்து சலாஹுதீன் ரவுண்ட்ஸ் வந்தார். விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, "அம்மா, நானும் நோன்புதான். எங்க மார்க்கத்துலயே நோயாளிக்கு நோன்பு வேணாம்னுதான் இருக்கு" என்றார்.

"எங்க சாமியாரும் அதேதான் சொல்வாரு, எனக்குத் தெரியும் டாக்டர்."

"தெரிஞ்சுமா?"

அமலோற்பவம் செபமாலையை மடியில் வைத்தாள். பிறகு, "நீங்கல்லாம் ஆளுக்கு ஒரு வேலை பாக்குறீங்க" என்றாள். "ஒருத்தர் படம் எடுக்குறீங்க, ஒருத்தர் ஆபரேஷன் பண்றீங்க, இவரு ஓடி ஓடி மருந்து வாங்குறாரு. என் காலுக்கு நான் என்ன செய்யிறது? சும்மா படுத்துக் கெடக்கவா? சும்மா இருந்து எனக்குப் பழக்கமில்ல. அதான் என்னால ஆனத செஞ்சேன்."

சொல்லும்போது அவள் அழவில்லை. இவளைப் போய்ப் பைத்தியம் என்றேனே.

எழில்மொழி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். "அக்கா, ஒங்களுக்கு வேலை இருக்கு" என்றார். "படம் நல்லா வரணும்னா உள்ள தண்ணி ஏறணும். கிட்னி கணக்கு எறங்குனாத்தான் நான் மருந்து ஏத்திப் படம் எடுக்க முடியும். படம் எடுத்தாத்தான் சார் வெட்டலாமா கூடாதான்னு முடிவு பண்ண முடியும். ஊசியில கொஞ்சம் ஏத்துவோம், ஆனா மீதி ஒங்க கையிலதான் இருக்கு. தாகம் எடுத்தாலும் எடுக்காட்டியும் குடிக்கணும், வயிறு முட்டுனாலும் குடிக்கணும். பட்டினியவிட இது கஷ்டம். நேந்துக்கிட்டத மாதாகிட்ட நீங்களே பேசி இதுக்கு மாத்திக்குங்க. நான் குறுக்க வரல."

நோயாளியைத் திட்டுகிற டாக்டர்களைப் பார்த்திருக்கிறேன். நேர்த்திக்கடனைக் கேலி செய்கிற படித்தவர்களையும் பார்த்திருக்கிறேன். அவளுடைய நேர்ச்சையை உடைக்காமலே அதன் முகத்தைத் திருப்பிவிட்ட இந்த மனுஷியை அப்போதுதான் பார்க்கிறேன்.

அமலோற்பவம் கண்ணை மூடினாள். உதடு அசைந்தது. கண்ணைத் திறந்து பாட்டிலுக்குக் கை நீட்டினாள்.

"சரின்னுட்டாங்க."

"அதுக்குள்ளயா?" என்றார் சலாஹுதீன்.

"பொம்பளைங்க பொம்பளைங்க பேசுனா சீக்கிரம் முடிஞ்சிரும் டாக்டர்" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் தண்ணீர் குடித்ததைப் பார்க்க வேண்டுமே! வயலில் ஒரு மூலை விடாமல் உழுகிறவள், இதையும் அப்படித்தான் செய்தாள். மோர், இளநீர், கஞ்சித் தண்ணி எதுவும் தப்பவில்லை. நான் நர்ஸிடம் பெட்பேன் கேட்டும், இளநீர்க் கடைக்கு ஓடியும் களைத்துப் போனேன். ஞாயிற்றுக்கிழமை ரத்தம் எடுத்துப் பார்த்தபோது கிட்னி கணக்கு சரியான அளவுக்கு வந்திருந்தது.

திங்கட்கிழமை மருந்து ஏற்றிப் படம் எடுத்தார்கள். படம் திரைக்கு வந்ததும் எழில்மொழி என்னையும் கூப்பிட்டார். சலாஹுதீன் ஏற்கெனவே அங்கே நின்றுகொண்டிருந்தார். ஒன்றன் பின் ஒன்றாகப் படங்கள் ஓடின. முதலில் சுத்த ரத்தம் போகிற குழாய்கள் வெளிச்சமாயின. பிறகு அது மங்கி, வடிகிற குழாய்களில் ஒவ்வொன்றாக வெளிச்சம் ஏறியது. வகிட்டுக் குழாய் முன்பக்கம் வந்தது, பின்பக்கம் வந்தது. நடுவில் அதே இருட்டு.

"மூடித்தான் இருக்கா?" என்றேன்.

"அவசரப்படாதீங்கண்ணே. கடைசியா வர்றதுக்காகத்தான் நான் ஒக்காந்திருக்கேன்."

மற்ற குழாய்களெல்லாம் மங்கத் தொடங்கின. நானாக இருந்தால் முடிந்தது என்று எழுந்து போயிருப்பேன். அவர் மட்டும் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அந்த இருட்டுக்குள், கட்டியின் ஓரத்தை ஒட்டி, நூல் மாதிரி ஒரு வெளிச்சம் நகர்ந்தது. முன்னாலிருந்து பின்னால் போய்ச் சேர்ந்தது. குழாய் திறந்திருந்தது.

"அது மட்டும் இல்ல சார், இதப் பாருங்க" என்று எழில்மொழி இன்னொரு கோட்டைக் காட்டினார். கால் இருக்கும் இடத்திலிருந்து ஒரு சின்னக் குழாய் கிளம்பி, கட்டியின் முதுகின் மேலேயே ஏறி வந்து, சரியாக அந்த நூலில் கலந்தது. என் மனைவியின் இடது காலுக்கு உலகத்தில் இருந்த ஒரே வடிகால் அதுதான்.

சலாஹுதீன் நெடுநேரம் பார்த்தார். "வியாழக்கிழமை நான் வெட்டியிருந்தேன்னா இத ரெண்டையும் சேத்துல்ல வெட்டியிருப்பேன்" என்றார். பெரிய டாக்டர், என்னை வைத்துக்கொண்டு அதைச் சொல்ல அவருக்குக் கூச்சமே இல்லை. அந்த மனுஷன் மேலும் எனக்கு அன்றைக்கு மரியாதை கூடிவிட்டது. "எழில், இந்தக் குழாய எனக்கு எல்லாப் பக்கத்துலேருந்தும் திருப்பித் திருப்பிக் காட்டுங்க. கண்ண மூடுனா தெரியணும்."

இரண்டு பேரும் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்கள். கட்டியை எங்கிருந்து தொடங்கிக் குடைவது, எந்த இடத்தில் நிறுத்துவது, குழாயின் மேல் எவ்வளவு விட்டுவிடுவது என்று பேசினார்கள். எனக்குப் பாதி புரியவில்லை. ஆனால் வேலை தெரிந்த இரண்டு பேர் ஒன்றாக உட்கார்ந்து பேசுவதைப் பார்த்தால் புரிய வேண்டும் என்பதில்லை. அப்படியே எழுந்து இரண்டு கையையும் கூப்பினேன்.

"போங்கண்ணே, அக்காவுக்கு மோர் குடுக்குற நேரம்" என்றார் எழில்மொழி, திரும்பாமலே.

புதன்கிழமை ஆபரேஷன் நடந்தது. காலையில் உள்ளே கொண்டுபோனார்கள், சாயங்காலம்தான் சலாஹுதீன் வெளியே வந்தார். "கட்டி வந்துருச்சு. குழாய் மேல மட்டும் தோல் மாதிரி கொஞ்சம் விட்டுருக்கேன். வருஷா வருஷம் படம் எடுத்துப் பாத்துக்குவோம். கால் எப்படின்னு அவங்க கண் முழிச்சாத்தான் தெரியும்."

மயக்கம் தெளிந்தாள். பெயர் சொன்னாள், என்னைப் பார்த்து, "சாப்டீங்களா?" என்றாள். டாக்டர் அவள் இடது பாதத்துக்கு அடியில் உள்ளங்கையை வைத்து, "அமுக்குங்கம்மா" என்றார்.

அவள் முகம் முழுக்க முயற்சி தெரிந்தது. பாதம் அசையவில்லை. விரல்கூட அசையவில்லை.

அத்தனையும் செய்து, தண்ணீர் குடித்து, காத்திருந்து, கடைசியில் இதுதானா? வராந்தாவில் வந்து சுவரில் சாய்ந்து நின்றேன். அங்கேதான் எழில்மொழி என்னைத் தேடி வந்தார். ஆபரேஷன் முடிந்ததும் எடுத்த ஸ்கேனைப் பார்த்துவிட்டு வந்திருந்தார்.

"அண்ணே, குழாய் ரெண்டும் ஓடுது. பெரிசும் ஓடுது, அந்தச் சின்னதும் ஓடுது. அந்த எடம் கொஞ்சம் வீங்கியிருக்கு, வடிய வழி இருக்குறதால வடிஞ்சிரும். கால் வரும்."

"இது நிச்சயமா, சந்தேகமா?" என்றேன்.

"இது நிச்சயம்" என்றார்.

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு ராத்திரியை ஓட்டினேன். அது வேறு யார் சொல்லியிருந்தாலும் ஆறுதலுக்குச் சொல்கிறார்கள் என்று நினைத்திருப்பேன். சந்தேகத்தைச் சந்தேகம் என்று சொன்ன வாய் அது. நிச்சயம் என்று சொன்னால் நிச்சயம்தான்.

மறுநாள் காலையில் சலாஹுதீன் மறுபடி உள்ளங்கையை வைத்தார். "அமுக்குங்கம்மா."

அமலோற்பவம் கண்ணை மூடிக்கொண்டாள். முதலில் கட்டை விரல் மடங்கியது. பிறகு பாதம் நிதானமாகக் கீழே இறங்கியது, அப்படியே அமுக்கிப் பிடித்துக்கொண்டது. டாக்டரின் கை பின்னால் போனது.

"கிளட்ச் புடிச்சுட்டேன்" என்றாள், கண்ணைத் திறக்காமலே. "எந்த கியர்ல போடணும்?"

"போதும்மா, என் கைய விடுங்க, நாளைக்கும் இதாலதான் வேலை பாக்கணும்" என்று சலாஹுதீன் சிரித்தார். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள். நான் அழுததை யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நர்ஸ் பஞ்சு எடுத்து நீட்டினாள்.

ஆனி மாதம் ஆற்றில் தண்ணீர் வந்து, எங்கள் வாய்க்கால் வரை எட்டியது. வலிப்பு எதுவும் வரவில்லை, இனி ஓட்டலாம் என்று டாக்டர் சொன்ன பிறகு அமலோற்பவம் டிராக்டரில் ஏறினாள். முடி ஒரு விரற்கடை வளர்ந்திருந்தது. குறுவைக்கு எங்கள் ஒரு வயலை மட்டும் சேற்றுழவு ஓட்டினாள். நான் வரப்பில் நின்று அவளுடைய இடது காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். மிதித்தாள், விட்டாள், மிதித்தாள், விட்டாள். வண்டி ஒரு தரம்கூடக் குதிக்கவில்லை.

அந்த வார சனிக்கிழமை நேர்த்திக்கடன் தீர்க்க வேளாங்கண்ணிக்குப் பஸ் ஏறினோம். கோவிலுக்குப் போகிற வழியில் கடைகளில் வெள்ளித் தகட்டில் உருவங்கள் விற்பார்கள். கை குணமானவர்களுக்குக் கை, இருதயத்துக்கு இருதயம், குழந்தை பிறந்தவர்களுக்குத் தொட்டில். எந்த உறுப்புக்கு நேர்ந்துகொண்டார்களோ அதை வாங்கி மாதாவுக்குக் காணிக்கை வைப்பார்கள். அமலோற்பவம் ஒரு காலை எடுத்தாள். இடதா வலதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்து, இடதுதான் என்று உறுதி செய்துகொண்டாள். பிறகு தட்டில் துழாவி இன்னொன்றை எடுத்தாள். இரண்டு கண்கள் பொறித்த சின்னத் தகடு.

"கண்ணு எதுக்கு?" என்றேன். "ஒனக்குத்தான் கண்ணு நல்லாத் தெரியுதே. நேந்துக்கிட்டது காலுக்குத்தானே?"

"எனக்கில்லைங்க" என்றாள். "அந்த எழில்மொழிப் புள்ளைக்கு. எந்நேரமும் அந்த இருட்டுல ஒக்காந்து பாத்துக்கிட்டே கெடக்கு. அந்தக் கண்ணு நல்லாருக்கணும்."

காலை அவள் வைத்துக்கொண்டாள். கண்ணை நான் வாங்கிக்கொண்டு வரிசையில் போய் நின்றேன்.